கையெழுத்தும் கைவிலங்கும்

யாழ்ப்பாணத்திலே 'கள்ள உறுதி' என்ற சொல்லைக் கேளாது வளர்ந்தவர் அரிது. வேலிச் சண்டையில் தொடங்கி நீதிமன்றம்வரை செல்லும் காணி வழக்குகளில், என்றோ இறந்துபோன பாட்டனின் கையொப்பம் திடீரென ஒரு தாளில் உயிர்பெற்றெழும். பெருவிரல் அடையாளம் நொத்தாரிசின் முன்னிலையில் வைக்கப்பட்டதா, அறிவிழந்து கிடந்தவரின் படுக்கையருகே வைக்கப்பட்டதா என்று ஊரே இரு கட்சியாக நின்று வாதிடும். எழுத்தறியாதவனை எழுத்தறிந்தவன் ஏமாற்றிய கதை எமது சமுதாயத்தில் நீண்ட கதை. ஆதலாற் போலி ஆவணம் என்றதும் எமது மனக்கண்முன் தோன்றுபவன், விளக்கொளியிலே குனிந்திருந்து பிறனுடைய கையொப்பத்தைப் பார்த்தெழுதும் சிறு மோசக்காரனே.

ஆயின் உலக வரலாற்றின் பெரிய கள்ள உறுதிகளை எழுதியவர்கள் சிறு மோசக்காரர்கள் அல்லர். உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் மேற்குலகின் ஆட்சியுரிமையையே பாப்பரசருக்கு எழுதிக் கொடுத்தான் என்று கூறும் ஆவணம் ஒன்று நூற்றாண்டுகளாக மதிக்கப்பட்டு வந்தது. 1440ஆம் ஆண்டில் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதன் இலத்தீன் நடையை ஆராய்ந்து, அப்பேரரசன் காலத்து உரோமில் வழங்காத சொற்கள் அதிற் புகுந்திருப்பதைக் காட்டி, அது பிற்காலப் புனைவு என நிறுவினார். மொழி கற்றோர் அதிகாரத்துக்குச் செய்யக்கூடிய இடையூறு எத்தகையது என்பதற்கு இதனினும் பழைய எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை. தமிழ் கற்ற எமக்கும் இத்துறை முற்றிலும் அந்நியமானதன்று. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் சிதைந்த ஏடுகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்புநோக்கியபோது செய்ததும் ஒருவகையில் இதே வேலைதான். எந்த ஏட்டை எந்த ஏடு பார்த்தெழுதியது, எவ்விடத்தில் எழுதுவோன் தன் சொல்லைச் செருகினான் என்ற கேள்விகளை அவர்களும் கேட்டார்கள்.

கையெழுத்தைப் பற்றி எமது நாட்டுச் சட்டம் கூறுவது ஆசிரியர்களுக்கு நேரே தொடர்புடையது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஓர் எழுத்து இன்னாருடையதா என்பதில் நிபுணரின் அபிப்பிராயத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. 47ஆம் பிரிவு இன்னும் ஒருபடி கீழிறங்கி வந்து, அந்தக் கையெழுத்தோடு பழக்கமுள்ள எவருடைய அபிப்பிராயத்தையும் ஏற்கிறது. ஒருவர் எழுதுவதை நேரிற் கண்டவரும், அவருடைய எழுத்துக்கள் தம் தொழிலின் வழக்கமான போக்கிலே தம் கைக்கு வந்துசேரப் பெற்றவரும் அவ்வாறு பழக்கமுள்ளவராவர். மாதந்தோறும் கட்டுக்கட்டாகக் கொப்பி திருத்தும் ஆசிரியனைவிட இவ்விலக்கணத்துக்குப் பொருந்துபவன் யார்? நாம் அறிந்தோ அறியாமலோ, சட்டத்தின் கண்ணில் எமது மாணவர் ஒவ்வொருவருக்கும் எதிராகவோ சார்பாகவோ நிற்கத்தக்க சாட்சிகளாயிருக்கிறோம்.

கொப்பி திருத்துவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. பெயர் எழுதப்படாத கொப்பியையும் இன்னானுடையது என்று நாம் சொல்லிவிடுவோம். எதைக்கொண்டு சொன்னோம் என்று கேட்டால் விடை கூறத் தடுமாறுவோம். ஆவண ஆராய்ச்சியாளனின் தொழில் அத்தடுமாற்றம் முடியுமிடத்தில் தொடங்குகிறது. அவன் கையெழுத்தின் கூறுகளை இருவகையாகப் பிரிக்கிறான். ஒன்று, பலருக்கும் பொதுவான கூறு. ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரிடத்தில், ஒரே காலத்தில் எழுதப் பழகியோரிடம் அது ஒன்றாகவே இருக்கும். மற்றையது, தனி ஒருவரின் கையிலே ஆண்டுகளின் பழக்கத்தால் ஊறிப்போன கூறு: 'ண'கரத்தின் மூன்றாம் சுழி முழுமையாக மூடுகிறதா, 'ழ'கரத்தின் வால் எந்த இடத்திலே திரும்புகிறது, 'ற'கரத்தின் கால் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது, பேனை எவ்விடத்தில் தாளை விட்டு எழுகிறது, அழுத்தம் எங்கே கூடி எங்கே குறைகிறது என்பன போன்றவை. இவற்றோடு இன்னொன்றையும் அவன் மறத்தலாகாது. எந்த மனிதனும் தன் பெயரை இருமுறை ஒரேமாதிரி எழுதுவதில்லை. இயற்கையான எழுத்து தனக்குள்ளேயே சிறிது வேறுபடும். ஆகவே இரு கையொப்பங்கள் மயிரிழையும் பிசகாது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால், அப்பொருத்தமே ஐயத்துக்குரியது. ஒன்று மற்றொன்றைக் கீழே வைத்து வரையப்பட்டிருக்கலாம். பார்த்து வரையும் கைக்கு வேகம் இராது. கோடு மெல்ல ஊர்ந்து, இடையிடையே நின்று, நடுங்கிச் செல்லும். அமெரிக்க நிபுணர் ஆல்பர்ட் ஒஸ்போர்ன் 1910இல் வெளியிட்ட பெருநூல் இவ்விடயங்களை ஒழுங்குபடுத்திக் கூறியது.

பொதுக்கூறு, தனிக்கூறு என்ற இப்பிரிவு வெறும் நூலறிவன்று என்பதை நாம் பணியாற்றிய ஒரு பாடசாலையிலே கண்டோம். பெற்றோரிடம் அறவிட்ட பணத்துக்குப் பற்றுச்சீட்டு வழங்கப்படவில்லை என்று கூறும் மொட்டைப் பெட்டிசம் ஒன்று கல்வி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து பாடசாலைக்கே திரும்பி வந்தது. உயர்வகுப்பு மாணவன் ஒருவனே அதை எழுதியிருக்கவேண்டும் என்று மேலிடத்தார் தீர்மானித்துவிட்டனர். 38 அப்பியாசக் கொப்பிகள் எமது மேசைமீது வைக்கப்பட்டன. "மாஸ்ரர், பெடியளின்ரை கையெழுத்து உங்களுக்குத் தெரியாததே? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் அதிபர்.

பார்த்தோம். பெட்டிசத்திலிருந்த 'ழ'கரத்தின் வால் இடப்புறம் நீண்டு அடுத்த எழுத்தின் கீழே செல்வது கண்ணைக் கவர்ந்தது. அதே வால் 7 கொப்பிகளில் இருந்தது. அந்த 7 மாணவரும் ஒரே ஆரம்பப் பாடசாலையிலிருந்து வந்தவர்கள். அங்கே முதலாம் வகுப்பில் மணலில் விரல்பிடித்து எழுதக் கற்பித்த ஆசிரியை ஒருவரே. அந்த வால் எந்த மாணவனுடையதுமன்று, அந்த ஆசிரியையினுடையது. இதனைக் கூறி, அவசரமாகவும் ஒருவேளை இடக்கையாலும் எழுதப்பட்ட ஒரு பக்கத்தைக் கொண்டு எவரையும் சுட்ட இயலாது என்றோம். அதற்குக் கிடைத்த மறுமொழியை எழுத்துப் பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறோம்: "ஒரு பேர் வந்தாக் காணும், மாஸ்ரர்."

பெயரும் வந்தது, வேறொருவர் கொடுத்தார். ஏழைக் கடற்றொழிலாளி ஒருவரின் மகன் இரண்டு வாரங்கள் வகுப்புக்கு வெளியே நின்றான். பெட்டிசத்தை யார் எழுதினார் என்பது அவ்விரு வாரமும் பெரிய பிரச்சினையாயிருந்தது. அதில் எழுதப்பட்டது மெய்யா என்பது ஒரு நாளேனும் பிரச்சினையாகவில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை.

1894ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே பாரிஸ் நகரத்துப் போர் அமைச்சுக்கும் ஒரு பெயரே தேவைப்பட்டது. ஜேர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையிற் கிடந்த கிழிந்த தாள்களை அங்கு துப்புரவு வேலை செய்த பெண் ஒருத்தி பிரெஞ்சு இராணுவ உளவுப் பிரிவுக்குக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அவ்வாறு வந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தபோது கையொப்பமும் திகதியும் அற்ற ஒரு கடிதம் கிடைத்தது. வெங்காயச் சருகுபோன்ற மெல்லிய தாளில், ஜேர்மன் இராணுவப் பிரதிநிதி ஸ்வார்ட்ஸ்கொப்பனுக்கு அனுப்பப்படும் இரகசியங்களின் பட்டியலாக அது அமைந்திருந்தது. 120 மில்லிமீற்றர்ப் பீரங்கியின் தடுப்புப்பொறி, எல்லைக் காவற்படைகள், மடகாஸ்கார், பீரங்கிப்படைக்குரிய கைநூல் என்பன அதிலே குறிக்கப்பட்டிருந்தன. எழுதியவன் பீரங்கிப்படையைச் சேர்ந்தவன், தலைமையகத்தில் பயிற்சி பெறுபவன் என்று அதிகாரிகள் ஊகித்தனர். பயிற்சி அதிகாரிகளின் பெயர்ப்பட்டியலைப் பார்த்துச் செல்கையில் அவர்கள் விரல் அல்பிரட் டிரைபஸ் என்ற பெயரில் நின்றது. கப்டன் டிரைபஸ் அல்சாஸ் பிரதேசத்து நெசவாலை முதலாளி ஒருவரின் மகன், யூதர். அவருடைய கையெழுத்தை எடுத்து வைத்துப் பார்த்தனர். சாய்வு ஒத்திருந்தது, பொதுத் தோற்றமும் ஒத்திருந்தது. 'ழ'கரத்தின் வால் அகப்பட்டுவிட்டது!

முதலில் பிரான்சிய வங்கியின் நிபுணர் கொபேர் அழைக்கப்பட்டார். இக்கடிதம் சந்தேகிக்கப்படுபவரல்லாத இன்னொருவரால் எழுதப்பட்டிருக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அவ்விடை வேண்டப்பட்ட விடையன்று. அதே நாளில், 1894 ஒக்டோபர் 13ஆம் திகதி, பாரிஸ் பொலிஸ் தலைமையகத்தின் அடையாளப் பிரிவுத் தலைவர் அல்போன்ஸ் பெர்த்தியோனிடம் தாள்கள் கையளிக்கப்பட்டன. உடலளவைகளைக் கொண்டு குற்றவாளிகளை இனங்காணும் முறையை வகுத்துப் புகழ்பெற்றவர் அவர். கையெழுத்து அவருடைய துறையன்று. அன்று மாலைக்குள் அவர் விடை கொடுத்தார்: எழுதியவர் ஒருவரே.

இரண்டு நாள் கழித்து டிரைபஸ் அமைச்சுக்கு அழைக்கப்பட்டார். து பாத்தி த கிளாம் என்ற அதிகாரி தம் விரலிற் காயமென்று கூறி, ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதும்படி கேட்டார். பட்டியலில் இருந்த சொற்களே சொல்லப்பட்டன. இடையில், ஏன் உமது கை நடுங்குகிறது என்று அதட்டினார். விரல்கள் குளிரில் விறைத்திருக்கின்றன என்றார் டிரைபஸ். சற்றுநேரத்திற் கைது செய்யப்பட்டார். அவர் தற்கொலை செய்துகொள்ள ஏதுவாக ஒரு சுழற்துப்பாக்கியும் அறையில் வைக்கப்பட்டிருந்தது. இந்நாடகத்தில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கை நடுங்கியிருந்தால் அது குற்றவுணர்வு. நடுங்காதிருந்தால் அது முன்னெச்சரிக்கையுடையவனின் கபடம். எவ்வாறு எழுதினும் விலங்கு நிச்சயம்.

பெர்த்தியோனின் கோட்பாடும் இதே தருக்கத்தில் எழுந்ததுதான். பட்டியலின் எழுத்து டிரைபசின் எழுத்தோடு ஒத்த இடங்கள் அவர் எழுதினார் என்பதற்குச் சான்று. வேறுபட்ட இடங்களோ, பிடிபட்டால் மறுப்பதற்காகத் தன் எழுத்தைத் தானே போலிசெய்து, தன் குடும்பத்தாரின் எழுத்துச் சாயலையும் கலந்து எழுதினார் என்பதற்குச் சான்று. இத்தகைய கோட்பாட்டை எந்த உண்மையாலும் பொய்யாக்க முடியாது. கட்டங்கள், அளவுகோல்கள், பெருப்பித்த புகைப்படங்கள், நிகழ்தகவுக் கணக்குகள் ஆகியவற்றால் அவர் அதைச் சூழ்ந்து ஒரு கோட்டையே கட்டினார். விளங்காததே விஞ்ஞானம் என்று எண்ணும் நீதிபதிகளுக்கு அது போதுமானதாயிருந்தது.

மேலும் மூவர் அழைக்கப்பட்டனர். தெசொன்னியேரும் சரவேயும் டிரைபசே எழுதினார் என்றனர். பெலத்தியே இல்லை என்றார். ஆக ஐவருள் மூவர் ஆம், இருவர் இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையை அழிக்க இது போதாதென்று இராணுவத்துக்கே தோன்றியிருக்கவேண்டும். 1894 டிசெம்பரில் மூடிய கதவுகளுக்குள் நடந்த இராணுவ விசாரணையின் முடிவில், எதிரியும் அவருடைய வழக்கறிஞரும் காணாத இரகசியக் கோவை ஒன்று நீதிபதிகளிடம் சேர்ப்பிக்கப்பட்டது. தீர்ப்பு ஏகமனதாயிற்று. எமது சாட்சியக் கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1895ஆம் ஆண்டின் ஜனவரி 5ஆம் திகதி, இராணுவப் பள்ளி முற்றத்தில் டிரைபசின் பட்டிகள் பிய்த்தெறியப்பட்டு வாள் முறிக்கப்பட்டது. பின்னர் பிரெஞ்சுக் கயானாவின் கரைக்கு அப்பாலுள்ள பேய்த்தீவிலே தனிச்சிறை.

1896இல் உளவுப் பிரிவின் புதிய தலைவரான பிக்கார், எஸ்தெராசி என்ற மேஜர்மீது வேறொரு காரணத்தால் ஐயங்கொண்டு அவருடைய கடிதங்களைப் பெற்றார். கடனிலும் ஊதாரித்தனத்திலும் மூழ்கிய பேர்வழி அந்த எஸ்தெராசி. கடிதங்களைக் கண்டதும் பிக்கார் திகைத்தார். பட்டியலின் எழுத்து அப்படியே அங்கு இருந்தது. பெயரை மறைத்து அவற்றைப் பெர்த்தியோனிடம் காட்டினார். இது பட்டியலின் எழுத்தேதான் என்று அவர் தயக்கமின்றிக் கூறினார். இவை அண்மையில் எழுதப்பட்டவை என்று சொல்லப்பட்டதும், அப்படியாயின் யூதர்கள் எவனையோ பிடித்து டிரைபசின் எழுத்தைப்போல் எழுதப் பயிற்றியிருக்கிறார்கள் என்றார்! கண் மெய்யைக் கண்டது. பதவி அதை மறுத்தது. மேலதிகாரிகளோ பிக்காரைத் தூனிசியாவுக்கு அனுப்பிவிட்டனர்.

அமைச்சின் பெட்டகத்துக்குள் நடந்தவரை இவ்வழக்கில் எதுவும் அசையவில்லை. அசைத்தது ஒரு பத்திரிகை. நிபுணர்களுக்கு வழங்கப்பட்ட புகைப்படப் பிரதிகளுள் ஒன்று வெளியேறி, 1896 நவம்பர் 10ஆம் திகதி 'லு மத்தேன்' நாளிதழில் அச்சாகியது. டிரைபசின் குற்றத்தை ஐயமற நிறுவுவதே பத்திரிகையின் நோக்கம். விளைந்ததோ வேறு. அந்நாள்வரை ஐந்து நிபுணர் மட்டுமே ஆராய்ந்த எழுத்தை இப்போது வீதியிற் போவோரெல்லாம் பார்த்தனர். ஸ்வார்ட்ஸ்கொப்பன் அப்பத்திரிகையிலே தமது உளவாளியின் எழுத்தை அடையாளங் கண்டும் வாய்திறக்கவில்லை. அவருடைய குறிப்புகள் 1930இலேயே வெளிவந்தன. பெர்னார் லசார் என்ற எழுத்தாளர் பல நாட்டு நிபுணர்களிடம் பிரதியை அனுப்பி, பெர்த்தியோனை மறுக்கும் அறிக்கைகளை 1897இல் நூலாக்கினார். டிரைபசின் தமையன் மத்தியூ பிரதிகளை அச்சிட்டு விற்பனைக்கு விட்டார். பங்குத் தரகர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார்; தமது வாடிக்கையாளர் எஸ்தெராசியின் கடிதங்கள் அவர் மேசையிலேயே இருந்தன. நிபுணருமல்லர், நீதிபதியுமல்லர், தொழிலின் வழக்கமான போக்கிலே அவ்வெழுத்து அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது. எமது 47ஆம் பிரிவு கூறும் சாட்சி அவர்தான்.

இவ்வளவின் பின்னும் 1898 ஜனவரி 11இல் இராணுவ நீதிமன்றம் எஸ்தெராசியை விடுதலை செய்தது. பட்டியல் அவருடைய எழுத்தன்று என்று சொல்ல மூன்று புதிய நிபுணர்கள் கிடைத்தனர். இரண்டு நாள் கழித்து எமிலி சோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலே தளபதிகளின் பெயர்களோடு இம்மூவர் பெயரையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டினார். அவர்களுடைய கண்ணுக்கோ புத்திக்கோ நோயிருப்பதாக வைத்தியர் சொன்னாலன்றி அவர்களின் அறிக்கை பொய் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்நாட்களில் பிரெஞ்சுச் சோசலிசவாதிகளுள் பலர் ஒதுங்கி நின்றனர். பணக்கார அதிகாரி ஒருவருக்கு மற்றைப் பணக்காரர் இழைத்த அநீதியில் தொழிலாளிக்கு என்ன பங்கு என்று கேட்டனர். இக்கேள்வி இன்றும் வெவ்வேறு உருவில் எமது கூட்டங்களிலே எழுகின்றது. அதற்குச் செயலால் விடை கூறியவர் ழான் ழொரேஸ். மெய்யியல் கற்பித்த ஆசிரியரான அவர், 1898 மே மாதத் தேர்தலில் ஆசனத்தை இழந்திருந்த நிலையில், ஓகஸ்டில் தொடங்கிச் சோசலிச நாளிதழ் ஒன்றில் இவ்வழக்கின் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து எழுதினார். எழுத்து, தாள், திகதி, சொல்நடை எல்லாம் தொழிலாளர் படிக்கும் பத்திரிகையில் அலசப்பட்டன. நிபுணத்துவம் என்பது தொழிலாளிக்கு எட்டாத பொருளன்று என்ற நம்பிக்கை அக்கட்டுரைகளின் அடியில் இருக்கிறது. தொகுக்கப்பட்டு 'சான்றுகள்' என்ற பெயரில் நூலாக வந்த அவற்றை ஆசிரியப் பயிற்சிக்குப் பாடநூலாக வைக்கலாம் என்பது எமது துணிபு.

இதற்கிடையே மெய்யான போலி ஒன்று ஆட்சிபீடம் ஏறியிருந்தது. 1898 ஜூலை 7ஆம் திகதி போர் அமைச்சர் கவெஞாக் பிரதிநிதிகள் சபையில் ஒரு கடிதத்தை வாசித்தார். இத்தாலிய இராணுவப் பிரதிநிதி ஸ்வார்ட்ஸ்கொப்பனுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட அக்கடிதத்திலே டிரைபசின் பெயர் வெளிப்படையாக இருந்தது. சபை ஆரவாரித்து, அவ்வுரையை நாட்டின் எல்லா ஊர்களிலும் ஒட்டும்படி தீர்மானித்தது. அது போலியென எழுதிய பிக்கார் சிறையிலடைக்கப்பட்டார். ஓகஸ்ட் 13ஆம் திகதி இரவு, டிரைபஸ் குற்றவாளியே என்று நம்பிய கப்டன் குயிஞே என்பவர் கோவையைச் சரிபார்க்கையில் அக்கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். கட்டக்கோடிட்ட தாள் அது. தலைப்பும் கையொப்பமும் இருந்த துண்டுகளிலே கோடுகள் ஒரு நிறம்; உடற்பகுதியிலே வேறொரு நிறம். உண்மையான கடிதம் ஒன்றின் தலையையும் காலையும் வெட்டி, நடுவிலே புனைந்த உடலை ஒட்டியிருந்தனர்! ஓகஸ்ட் 30இல் உளவுப் பிரிவு அதிகாரி ஹென்றி, தாமே அதைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறைக்கூடத்தில் கழுத்தறுபட்டுப் பிணமாகக் கிடந்தார். எஸ்தெராசி இங்கிலாந்துக்கு ஓடினார்.

ஒரு நாட்டின் பாராளுமன்றம் கைதட்டி வரவேற்று, சுவர்தோறும் ஒட்டச் செய்த ஆவணத்தைக் கவிழ்த்தது எழுத்தின் சுழியன்று; தாளிலே அச்சிட்ட வெளிறிய கோடு. அதைக் கண்டவர் எதிர்க்கட்சியாளருமல்லர். ஆயினும் மெய் வெளிப்பட்டதும் மனம் மாறியோர் எத்தனை பேர்? ஹென்றியின் செயலைத் தேசபக்தப் போலி என்று புகழ்ந்து எழுதினர். அவருடைய விதவைக்கு யூத எதிர்ப்புப் பத்திரிகை ஒன்று நிதி திரட்டியது. ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். போலி என்று தெரிந்த பின்னும் அது தேவைப்பட்டது. இவ்விடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு வேலையில்லை.

உயர் நீதிமன்றத்தின் விசாரணையில் எஸ்தெராசி 1892இலும் 1894இலும் எழுதிய இரு கடிதங்கள் கிடைத்தன. அவை பட்டியல் எழுதப்பட்ட அதே வகைச் சருகுத்தாளில் இருந்தன. முதற் தீர்ப்பு 1899 ஜூனில் நீக்கப்பட்டது; ரென் நகரில் மறுவிசாரணை. அங்கே சரவே எழுந்து, 1894இல் தாம் கூறியது தவறு, அது எஸ்தெராசியின் எழுத்தே எனப் பகிரங்கமாகச் சொன்னார். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய தமது அறிக்கையைத் தாமே கிழித்த அம்மனிதரை நாம் பெர்த்தியோனின் பக்கத்தில் நிறுத்தமாட்டோம். பெர்த்தியோன் மீண்டும் தமது கட்டங்களோடு வந்தார். கணித மேதை பொயன்காரேயின் கடிதம் அங்கு வாசிக்கப்பட்டது. 26 இடங்களில் 4 இடங்கள் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பைப் பெர்த்தியோன் 0.0016 என்று கணக்கிட்டிருந்தார். அது 4 இடங்களில் 4உம் பொருந்தும் வாய்ப்பு. 26 இடங்களில் என்றால் விடை 0.7 அளவில் வரும் என்று பொயன்காரே காட்டினார். அதிசயம் என்று கூறப்பட்டது நாளாந்த நிகழ்ச்சியாயிற்று. இருந்தும் ரென் நீதிபதிகள் ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் மீண்டும் குற்றவாளி என்றனர். பத்து நாளில் மன்னிப்பு வழங்கப்பட்டது. 1904இல் பொயன்காரேயும் டார்பூவும் அப்பெலும் பெர்த்தியோனின் முறை விஞ்ஞான மதிப்பு அற்றதென அறிக்கையிட்டனர். 1906 ஜூலை 12இல் தீர்ப்பு முற்றாக நீக்கப்பட்டது.

இத்துறையே பொய் என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டவேண்டா. 2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தொழில்முறை ஆராய்ச்சியாளர் 86 பேருக்கு விடை முன்பே தெரிந்த மாதிரிகள் கொடுக்கப்பட்டன. வேறொருவர் எழுதியதை இவரே எழுதினார் என்று அவர்கள் தவறாகச் சொன்னது நூற்றுக்கு 3.1, இரட்டையரின் எழுத்துக்களில் 8.7. கண் நல்ல கண்தான். ஆனால் அச்சோதனையில், ஒரு பெயர் வந்தாற் போதும் என்று அவர்களுக்கு மேல் யாரும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

யாரும் மேலே நில்லாதபோது தாள் யாருக்கு எதிராகப் பேசும் என்பதை இங்கிலாந்து 1991இற் கண்டது. 1974 நவம்பரில் பேர்மிங்காம் நகரத்து மதுச்சாலைகள் இரண்டில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். ஐரிஷ்காரர் ஆறு பேர் 1975இல் ஆயுட்சிறை பெற்றனர். அடித்துப் பெற்ற வாக்குமூலங்கள் என்று அவர்கள் கதறியது எடுபடவில்லை. பின்வந்த ஆண்டுகளில், மேற்தாளில் எழுதும்போது கீழ்த்தாளிற் பதியும் கண்ணுக்குப் புலப்படாத அழுத்தத்தை மின்னூட்டத்தாலும் கருந்தூளாலும் வெளிக்காட்டும் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. பொலிசாரின் குறிப்புகள் அதன்கீழ் வைக்கப்பட்டன. ஒரே அமர்வில் தொடர்ந்து எழுதியதாகச் சத்தியஞ் செய்யப்பட்ட விசாரணைக் குறிப்பு அவ்வாறு எழுதப்பட்டதன்று என்று தாள் காட்டிக்கொடுத்தது. 16 ஆண்டுகளின் பின் அறுவரும் வெளியே வந்தனர்.

அண்மையில் உயர்தர வகுப்பொன்றில் டிரைபஸ் வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஐவருள் மூவர், இருவர் என்ற கணக்கு வந்ததும், பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், இல்லையெண்டு சொன்ன அந்த ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?" என்றாள்.

குற்றப்பத்திரிகையில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது என்றோம். ஆராயப்படுபவர் யார் என்று கொபேர் கேட்டிருந்தார். அக்கேள்வியே அவருக்கு எதிரான ஐயமாக்கப்பட்டது. பெலத்தியே, பெர்த்தியோனின் உதவியை நாடாது தாமே தனித்து ஆராய்ந்திருந்தார். அதுவே அவருடைய குறையாக எழுதப்பட்டது. சந்தேகநபரை விட்டுவிட்டுச் சாட்சிகளைச் சந்தேகித்தார்கள். மாணவி அவ்விரு பெயர்களையும் மறுபடி சொல்லும்படி கேட்டு, எழுத்தெழுத்தாகக் கொப்பியிற் குறித்துக்கொண்டாள்.